தந்தி பள்ளிவாசலில் உட்கார்ந்த நாள்

தெருமுனை சலூன்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கும் லைசென்ஸில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி அவர் தந்தி. தந்தி ஆபீஸ்களை எல்லாம் என்றைக்கோ இழுத்து மூடிவிட்டார்கள். இவரை மூடத்தான் ஆளில்லை. கத்தரி ஒரு பக்கம் பேசும், இவர் ஒரு பக்கம் பேசுவார். முதலில் ஓய்வது கத்தரிதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், தந்தி பொய் சொல்ல மாட்டார். கண், காது, மூக்கு வைத்துக் கதை கட்டுகிற புத்தியும் கிடையாது. நடந்ததைத்தான் சொல்வார். நடந்ததையெல்லாம் சொல்வார் என்பதுதான் தொல்லை.

அந்தத் தொல்லை ஒரு நாள் சொந்த அக்கா வீட்டுக் கதவைத் தட்டியது. அக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். அதே தெருவில் சற்றுத் தள்ளிக் கடை. கண்ணாடி போட்டுக்கொண்டால் தையல் நேராகத்தான் ஓடும், அதில் ஒரு குறையும் இல்லை. ஊசிக் காது மட்டும் அவரிடம் கண்ணாமூச்சி ஆடத் தொடங்கியிருந்தது. அதனால் காஜா எடுக்கவும் பொத்தான் வைக்கவும் வேண்டிய கை ஊசிகளில் எல்லாம் அக்கா காலையிலேயே நூல் கோத்து, ஒரு துணிப் பந்தில் குத்தி, சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்துக் கொடுத்தனுப்புவாள். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் இருந்த விஷயம். சவரத்துக்குக் கன்னத்தைக் கொடுத்திருந்த நேரத்தில் தையல்காரர் வாய் தவறி மச்சினனிடம் சொல்லிவிட்டார்.

தந்தி அதைக் கெட்ட எண்ணத்தோடு வெளியே விடவில்லை. அக்காவைப் பாராட்டத்தான் சொன்னார். "எங்க அக்கா மாதிரி யாருக்கு வாய்க்கும் சொல்லுங்க? மச்சானுக்கு ஊசிக் காது தெரியலைன்னு தினமும் காலையில உட்கார்ந்து நூல் கோத்துக் குடுக்குது" என்று முகம் முழுக்க நுரையோடு இருந்த ஒருவரிடம் உருகினார். நுரைக்குள் இருந்தவர் முந்தின நாள்தான் தையல்காரரிடம் கோட்டுத் துணி கொடுத்திருந்தார். முகத்தைத் துடைத்த துண்டு காய்வதற்குள் கோட்டுத் துணி திரும்பிப் போயிற்று. அதன் பின்னாலேயே இன்னும் சில துணிகள், "அப்புறமா வர்றோம்" என்று சொல்லிக்கொண்டு நடையைக் கட்டின.

அன்றோடு மச்சான் பேச்சை நிறுத்தினார். சலூனுக்கு வருவதையும் நிறுத்தினார். எதிர் வரிசையிலேயே ஏசி போட்ட சலூன் இருக்கிறது, அங்கே போயிருக்கலாம். போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மச்சினன் கையைத் தவிர வேறு கை அவர் தலையில் பட்டதில்லை. கோபம் கோபம்தான், தலை தலைதான். ஆகவே முடி வளர்ந்தது. முதலில் காதைத் தொட்டது, பிறகு காதை மூடியது, பிறகு காலரின் மேல் வந்து உட்கார்ந்தது. சண்டை எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரும் விசாரிக்க வேண்டியதில்லை; தையல்காரரின் பிடரியைப் பார்த்தால் போதும். அந்தப் பிடரி தினமும் சலூன் வாசலைத் தாண்டிப் போகும்போது தந்திக்கு நெஞ்சு வலித்தது. உறவுக்காரராகவும் வலித்தது, தொழில்காரராகவும் வலித்தது.

அக்காவுக்குப் போன் போட்டார்.

"வாயாடா அது? வாசக்கதவு கூட ஒரு நேரம் இல்லேன்னா ஒரு நேரம் மூடும்" என்றாள் அக்கா.

"அக்கா, நான் உன்னப் பெருமையாத்தான்..."

"அந்தப் பெருமையை நீயே வச்சுக்கோ. ஒரு நாள், காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும், அந்த வாயைக் கட்டிட்டு இருந்து காட்டு. அன்னைக்கு உன் மச்சான்கிட்ட உனக்காகப் பேசுறேன். உன்னால ஆகாது. வை போனை."

தந்தி யோசித்தார். சலூனில் வாயைக் கட்ட முடியாது, சுவரே கேள்வி கேட்கும். வீட்டிலும் முடியாது. ஒரே இடம்தான் உண்டு, பெரிய பள்ளிவாசல். எத்தனையோ தலைமுறைகளின் நெற்றி பட்ட இடம். வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்து தொழுதுவிட்டுப் போவார்கள். செருப்பைக் கழற்றும்போதே குரல் தானாக இறங்கிவிடும். அங்கே ஒரு பகல் முழுக்க இஃதிகாஃப் இருந்துவிடுவது என்று முடிவு செய்தார். கடை, வீடு, வெளிவேலை எல்லாவற்றையும் வாசலிலேயே விட்டுவிட்டு, பள்ளிவாசலுக்குள் தங்கி, தொழுது, ஓதி, தன்னைத் தானே எண்ணிப் பார்ப்பதற்குத்தான் இஃதிகாஃப் என்று பெயர். எண்ணிப் பார்க்கத் தந்தியிடம் நிறையவே இருந்தது.

"ஒரு பகல் பூரா பேசாமலா? நீங்களா?" என்றாள் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் துணிக் கிடங்கில் வேலை பார்க்கிறவள். வேலைக்குக் கிளம்பி வாசல்படியில் நின்றிருந்தாள். விடிய இன்னும் நேரமிருந்தது. "தூக்கத்துலயே பேசுவீங்களே, அதுக்கு என்ன செய்யப் போறீங்க?"

"தூங்க மாட்டேன். இந்தா போன், அணைச்சு உன் பைலயே வச்சுக்கோ. யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா பெருமைக்குச் செஞ்சதா ஆயிடும்."

"என்னது? இன்னொரு தடவை சொல்லுங்க."

"யார்கிட்டயும் சொல்லாத."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். இந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை ஜீரணிக்கக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. அதோடு தந்தி விட்டாரா, பேசாமல் இருப்பதன் நன்மைகளைப் பற்றி நிறுத்தாமல் பேசி, அவளுக்கு வேலைக்கு நேரமாகும் வரை பிடித்துவைத்துவிட்டுத்தான் பள்ளிவாசலுக்குப் போனார்.

விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் நேரே இமாமிடம் போய் நின்றார். இமாம் வயதில் சின்னவர். அவருடைய முதல் மீசையை எடுத்துவிட்டதே தந்திதான்.

"ஹஜ்ரத், இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு நிய்யத் வச்சிருக்கேன்."

இமாம் தாடியைத் தடவினார். "அப்படி ஒரு வணக்கம் நம்மகிட்ட இல்லையேண்ணே. பகல் பூரா வாயே திறக்க மாட்டேன்னு இருக்கிறதை வணக்கமா ஆக்கிக்கக் கூடாது."

தந்தியின் முகம் பாதி மலர்ந்தது, பாதி வாடியது. "அப்போ பேசலாமா?"

"நல்லதைப் பேசலாம். தேவையானதைப் பேசலாம். வீண் பேச்சுதான் வேண்டாம்."

"எது தேவையானது, எது வீண்?"

"அது உங்களுக்கே தெரியும்."

"தெரிஞ்சிருந்தா நான் ஏன் ஹஜ்ரத் இங்க வர்றேன்?"

வாயையே மூடுவதென்றால் கடை ஷட்டரை இழுத்துப் பூட்டுகிற மாதிரி. ஒரே இழுப்பு, வேலை முடிந்தது. இதுவோ கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசலில் காவலுக்கு ஆளைப் போட்டு, வெளியே போகிற ஒவ்வொரு வார்த்தையின் பையையும் சோதித்து அனுப்புகிற வேலை. தந்தியின் வாயில் அப்படி ஒரு காவல்காரர் இருந்த வரலாறே இல்லை. அன்று காலைதான் ஆள் எடுத்தார். புது ஆள், தடுமாறினார்.

ஒரு தூணோரமாக உட்கார்ந்து ஓதினார். வெயில் ஜன்னல் வழியாக விரிப்பின் மேல் நகர்ந்தது. உபரித் தொழுகைக்கு எழுந்து நின்றபோதுதான் எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரிந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் பிடரிகள்! பாதி தன் கைவேலை, மீதி எதிர்க்கடை ஏசியின் கைவேலை. ஒவ்வொரு பிடரிக்குப் பின்னாலும் ஒரு கதை, ஒரு கடன், ஒரு கல்யாணப் பேச்சு. நெற்றி படுகிற இடத்தில் கண்ணை வை என்று ஏன் சொல்லியிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

சற்று நேரத்தில் இமாமின் அறை வாசலில் நின்றார்.

"ஹஜ்ரத், ஒளு செய்யற இடத்துல கை கால் கழுவ வந்த ஒருத்தர் சோப்பு மேல கால் வைக்கப் போனார். பார்த்துன்னு சொன்னேன். அது தேவையானதுதானே?"

"தேவையானதுதான்."

போனார், வந்தார். "அவர் எந்த ஊர்னு கேட்டேன். அது?"

"அது வேண்டாமே."

"நல்லவேளை, நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள அவரே சொல்லிட்டார். அவர் தம்பி இங்கதான் ஹஜ்ரத், அந்த..."

"அண்ணே!"

தந்தி தூணுக்குத் திரும்பினார். தஸ்பீஹ் மணியை எடுத்தார். பாவமன்னிப்புக் கேட்டு ஒவ்வொரு மணியாகத் தள்ளும்போது ஒவ்வொரு முகம் வந்தது. வேலை போனதைப் பெண்டாட்டியிடம் சொல்லாமல் இருந்தவர்; அவள் சலூன் மூலமாகத்தான் தெரிந்துகொண்டாள். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு பெண் பார்க்கப் போனவர். பெண் வீட்டுக்காரர் சவரத்துக்கு வந்திருந்தார். மணிகள் ஒரு சுற்று முடிந்தன, முகங்கள் முடியவில்லை. தான் உட்கார்ந்திருப்பது அல்லாஹ்வுக்காகவா, மச்சானுக்காகவா என்று ஒரு கேள்வியும் நடுவே எழுந்தது. தையல்காரரின் பிடரிக்காகத்தான் வந்தேன் என்று படைத்தவனிடமே ஒப்புக்கொண்டார். அங்கே மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. "வந்தது அதுக்காக, உட்கார்ந்திருக்கறது உனக்காக, ஏத்துக்க" என்று மனசுக்குள் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மதிய லுஹர் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தது. தந்தி தூணுக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். இந்தப் பக்கம் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். குரலை வைத்தே ஆட்களைத் தெரிந்துகொண்டார். ஒருவர் பென்ஷன்காரர், மற்றவர் பால்காரர்.

"சலூன் பூட்டியிருக்கு பார்த்தீங்களா?"

"பார்த்தேன். காலையில அவர் சம்சாரம் ஆஸ்பத்திரிக்குள்ள ஓடினதை என் மருமக பார்த்தாளாம்."

"அந்தம்மா அங்கதானே வேலை பாக்குது?"

"வேலைக்குப் போறவங்க நடப்பாங்க. இது ஓடிச்சாம்."

"போன் போட்டேன், அணைஞ்சு கிடக்கு."

"அப்போ நெஞ்சுதான்."

"நெஞ்சேதான். பாவம், நல்ல மனுஷன். வாய்தான்..."

"ஆமா, வாய்தான்."

தந்தியின் தொண்டைக்குள் ஒரு ரயிலே வந்து நின்று கூவியது. இதைத் திருத்துவது தேவையான பேச்சா, வீண் பேச்சா? தன் சாவைத் தானே மறுப்பது பெருமையடிப்பதில் சேருமா? கேட்டுவிடலாம் என்று மெதுவாக எழுந்து இமாமின் அறைக்குப் போனார். இமாம் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் பால்காரர் செய்தியோடு சைக்கிளில் ஏறிவிட்டார். பென்ஷன்காரர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

தந்தி பழையபடி உட்கார்ந்தார். கடை பூட்டியிருந்தது உண்மை. மனைவி ஓடியது உண்மை. தான்தான் பேசிப் பேசி நேரமாக்கியது. போன் அணைந்திருந்ததும் உண்மை. யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. உண்மைகளை மட்டுமே வைத்து ஒரு மனுஷனை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். இத்தனை வருஷமாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துபோனவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கு லேசாக விளங்கியது. நெஞ்சு நிஜமாகவே கொஞ்சம் வலித்த மாதிரி இருந்தது.

மாலை அஸர் தொழுகை நேரம். தொழுகை தொடங்குகிறது என்று இகாமத் சொல்லி, எல்லாரும் வரிசையில் நின்றார்கள். "வரிசையை நேராக்குங்க, நடுவுல இடம் விடாதீங்க" என்றார் இமாம். தந்தியின் இடப்பக்கம் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. அப்போது வாசல் பக்கம் தடதடவென்று காலடிச் சத்தம். மூச்சிரைக்க ஒருவர் வந்து நின்று பள்ளிவாசல் முழுக்கப் பார்த்தார். தையல்காரர்! கழுத்தில் அளவு டேப், காலரின் மேல் முடி. வேறெங்கும் இடமில்லை. விட்டுப்போன இடத்தை நிரப்பாமல் பின்னால் போய்த் தனியே நிற்கவும் கூடாது. மச்சினனின் தோளோடு தோள் ஒட்டி நின்றார். இவ்வளவு நாளும் தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்தவர், இப்போது இடையில் ஒரு காற்றுகூடப் போகாத அளவுக்கு நெருக்கமாக நின்றார்.

தொழுகையின் முடிவில் வலப்பக்கம் திரும்பி ஸலாம் சொல்ல வேண்டும். மச்சான் தன் பக்கம் திரும்பி "அஸ்ஸலாமு அலைக்கும்" சொல்வார் என்று தந்தி முன்கூட்டியே கணக்குப் போட்டார். ஆனால் தந்தியும் அதே சமயம் வலப்பக்கம் திரும்பியாக வேண்டுமே! மச்சானின் ஸலாம் மச்சினனின் பின்மண்டைக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு இருவரும் இடப்பக்கம் திரும்பினார்கள். தந்தியின் ஸலாம் அந்தக் காலர் முடியில் போய் உட்கார்ந்தது. முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன, பிடரிகளுக்குள் ராசியாகிவிட்டது.

"உயிரோடதான் இருக்கியா?" என்றார் தையல்காரர். பள்ளிவாசல் ஆகையால் கிசுகிசுப்பாகத் திட்ட வேண்டியிருந்தது. அது சுலபமான காரியமில்லை. "ஆஸ்பத்திரில ஒரு வார்டு விடாம தேடினேன். உன் பொண்டாட்டி துணி மடிச்சிட்டு உட்கார்ந்து சிரிக்கிறா, பள்ளிவாசல்ல போய்ப் பாருங்கங்கிறா. உங்க அக்கா வீட்ல அழுதுட்டிருந்தா. ஊர்ல எல்லாத்தையும் சொல்றவன், இதை ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாடா?"

தந்தியின் நாக்கில் பதில்கள் கியூவில் நின்றன. காவல்காரர் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினார். ஒன்றை மட்டும் விட்டார்.

"தப்பு என்னுதுதான் மச்சான். எல்லாத்துக்கும்."

தையல்காரர் காத்திருந்தார். வழக்கமாக இந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு 'ஆனா' வரும். வரவில்லை. அவருக்கு அது வேறு கவலையாகிவிட்டது. நிஜமாகவே நெஞ்சில் ஏதாவதா?

அந்த நேரம் பார்த்துப் பென்ஷன்காரர் வந்தார். செத்தவரை உயிரோடு பார்த்த ஆச்சரியத்தை ஒரு "அட!"வில் முடித்துக்கொண்டு காரியத்துக்கு வந்துவிட்டார். கையில் அறுந்துபோன தஸ்பீஹ், பாங்கு சொல்லும் மோதினார் பாய் தைக்க வைத்திருக்கும் ஊசி, நூல். "தையல்காரர் வந்தது நல்லதாப் போச்சு. இதைக் கொஞ்சம் கோத்துக் குடுங்களேன்" என்று நீட்டினார். தையல்காரரின் கையும் பழக்கத்தில் நீண்டுவிட்டது. அப்போதுதான் பென்ஷன்காரருக்கு நினைவு வந்தது. "அடடா, மறந்துட்டேன். உங்களுக்குத்தான் ஊசிக் காது..."

எதிரொலிப்பதற்கென்றே கட்டிய கூரை அது. சுற்றியிருந்த தலைகள் எல்லாம் திரும்பின. நீண்ட கை பாதியில் நின்றது. மச்சானின் காது மடல் சிவந்ததை, அத்தனை முடிக்கு நடுவிலும் தந்தி பார்த்தார்.

"குடுங்க இப்படி" என்று ஊசியையும் நூலையும் வாங்கிக்கொண்டார்.

நூல் நுனியை நாக்கில் தொட்டு முறுக்கினார். ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நூல் ஊசிக்கு இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று, விரலில் குத்தியது. காதுக்குள் மட்டும் போகவில்லை. மறுபடியும், மறுபடியும்.

"என்ன தந்தி, உமக்கும் தெரியலையா?"

"தெரியலை."

"தெரியலையா? அப்போ சவரக்கத்தியை..." பென்ஷன்காரர் முடிக்கவில்லை. சுற்றியிருந்தவர்களில் ஒருவர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். இன்னொருவர் தொண்டையைத் தடவிக்கொண்டார். நாளைக் காலையில் எதிர்க்கடையில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்பது தந்திக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து ஒரு விளக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊசியைப் பென்ஷன்காரரிடமே நீட்டினார்.

"நீங்க கோத்துக் காட்டுங்க, பாப்போம்."

பென்ஷன்காரர் கோத்தார், கோத்தார், கோத்துக்கொண்டே இருந்தார். நூல் போகவில்லை. மோதினாரிடம் போயிற்று, அவர் ஒரு கண்ணை மூடினார், பிறகு அடுத்த கண்ணை மூடினார், கடைசியில் இரண்டையும் மூடிக்கொண்டார். கன்னத்தைத் தடவியவரும் தொண்டையைத் தடவியவரும் ஆளுக்கொரு முறை தோற்றார்கள். ஊசி வரிசை முழுக்கச் சுற்றி இமாமின் கைக்கு வந்து, அவரும் சில தடவை தவறவிட்ட பிறகு ஒருவழியாக நூல் உள்ளே போயிற்று. எல்லாரும் சேர்ந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். பெருநாள் பிறை கண்ட மாதிரி இருந்தது.

"இந்த வயசுல எவனுக்குத்தான் தெரியுது" என்று பென்ஷன்காரர் மணிகளைப் பொறுக்கிக்கொண்டு நகர்ந்தார். தையல்காரருக்குக் கண் தெரியாத கதைக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது. தானும் தோற்ற கதையை வெளியே எடுத்துப் போக யாருக்கும் ஆசை வராது.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுது முடித்துத் தந்தி இஃதிகாஃபை விட்டு வெளியே வந்தபோது, செருப்பு வைக்கிற இடத்தில் மச்சான் நின்றிருந்தார்.

"கடையைத் திற."

சலூன் விளக்கு எரிந்தது. தெருவில் போகிறவர்கள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்கள். ஊசிக் காது தெரியாத கத்திக்கு முதல் ஆளாகக் கழுத்தைக் கொடுத்து உட்கார்ந்திருப்பது யார்? அவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று தையல்காரர் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பச் சொன்னார். தந்தி துணியைப் போர்த்தினார், சீப்பை எடுத்தார், வெட்டத் தொடங்கினார். கத்தரி மட்டும் பேசியது.

கொஞ்ச நேரம் பொறுத்த தையல்காரர், "ஏதாவது பேசித் தொலையேன்டா" என்றார். "நீ பேசாம வெட்டினா காது போயிடுமோன்னு பயமா இருக்கு."

"என்ன பேச?"

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த ஊசிக் காது நிஜமாவே உனக்குத் தெரியலையா? இல்ல..."

"தலையைக் குனிங்க மச்சான்."

தையல்காரர் குனிந்தார். குனிந்தபடியே சிரித்தார். சண்டை முழுவதும் கொத்துக் கொத்தாகத் தரையில் கிடந்தது. ஒரு துடைப்பம் போதுமாயிருந்தது.

மறுநாள் சிலர் எதிர்க்கடைக்குப் போனது உண்மை. ஏசிக் குளிர் ஒத்துக்கொள்ளாமலோ, செய்தியே இல்லாத சலூனில் உட்கார முடியாமலோ, பாதிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். மீதிப் பேர் வரவில்லை. தந்தி அவர்களைத் தேடிப் போகவும் இல்லை. இப்போதும் பேசுகிறார், அதிலொன்றும் குறைவில்லை. நடுநடுவே மட்டும் நிறுத்தி, வாசலில் நிற்கிற ஆளிடம் அனுமதி கேட்கிற மாதிரி ஒரு யோசனை. ஊசிச் சமாசாரத்தை அக்கா கேட்டுப் பார்த்தாள், மனைவி துருவிப் பார்த்தாள், இமாமே தாடியைச் சீர்செய்ய வந்த இடத்தில் ஜாடையாகக் கேட்டார்.

"தலையைக் குனிங்க ஹஜ்ரத்" என்றார் தந்தி. தாடிக்கு நிமிரத்தான் வேண்டும். இமாமும் குனிந்துகொண்டார்.